துன்புறும் தாசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் யார்?

வேதாகமத்துக்கு அதிகார எண் போட்டவர் மேல் எனக்கு நீண்ட நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஸ்டீபன் லாங்டன் என்று பெயர். பாரிஸில் இறையியல் கற்பித்தவர். பிறகு கேன்டர்பரி பேராயர் ஆனவர். நாம் இன்று பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வகுத்தவை என்பது பொதுவான கருத்து. பெரும்பாலான இடங்களில் பொறுப்பாகத்தான் வெட்டியிருக்கிறார். பழைய ஏற்பாட்டின் தீர்க்கதரிசனப் புத்தகமான ஏசாயாவில் 52-க்கும் 53-க்கும் இடையில் மட்டும் கத்தி கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது.

துன்புறும் தாசனைப் பற்றி அங்கே வரும் கவிதை 53:1-இல் தொடங்கவில்லை. 52:13-இல் தொடங்கி 53:12-இல் முடிகிறது. மொத்தம் 15 வசனங்கள். முதல் மூன்று வசனங்களில் கடவுள் பேசுகிறார். "இதோ, என் தாசன் ஞானமாய் நடப்பார்" என்கிறார். அந்தத் தாசனின் முகம் மனித முகம்தானா என்று கேட்கும்படி உருக்குலைந்திருக்கிறது. அவரைக் கண்டு ஜாதிகள் (பிற தேசத்து ஜனங்கள்) திகைக்கின்றன, ராஜாக்கள் வாயடைத்து நிற்கிறார்கள், அதுவரை கேள்விப்படாத ஒன்றை அறிந்துகொள்கிறார்கள். அடுத்த வரி: "எங்கள் மூலமாய்க் கேள்விப்பட்டதை விசுவாசித்தவன் யார்?" நடுவில் கொட்டை எழுத்தில் 53 என்று இல்லாமல் வாசித்துப் பாருங்கள். வாயை மூடிய அதே ராஜாக்கள்தான் இப்போது வாயைத் திறந்து பேசுகிறார்களோ என்ற எண்ணம் வரும். இந்த இடத்தில் பேசுகிறவர் மாறுவது உண்மை. ஆகவே லாங்டனைக் கூண்டில் ஏற்றவும் முடியாது. ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் 'ஐம்பத்துமூன்றாம் அதிகாரம்' என்று மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த ராஜாக்கள் கண்ணிலேயே படவில்லை.

துன்புறும் தாசன் யார் என்ற கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பதில்கள் குவிந்து கிடக்கின்றன. இயேசு, இஸ்ரவேல் ஜனம், எரேமியா, மோசே, யோசியா, சிறைப்பட்டுப் போன ராஜா யோயாக்கீன், ஆலயத்தை மீண்டும் கட்டிய செருபாபேல், பெயர் தெரியாத ஒரு தீர்க்கதரிசி என்று பட்டியல் நீளும். இத்தனையையும் வாசித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: 'அவர்' யார் என்று ஒவ்வொரு தரப்பும் தருகிற பதில், 'நாம்' என்று பேசுகிறவர்கள் யார் என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதில் இருந்து பிறக்கிறது. ராஜாக்கள் பேசுகிறார்கள் என்றால் தாசன் இஸ்ரவேல். இஸ்ரவேலர் பேசுகிறார்கள் என்றால் தாசன் அவர்களுக்குள் இருந்த ஒருவர். பின்னால் பார்க்கப் போகும் சண்டைகள் பலவும் இந்த ஒரே முடிச்சில் வந்து சிக்குகின்றன.

முதலில் அந்த 'நாம்' என்னதான் சொல்கிறார்கள்? அவருக்கு அழகில்லை, வறண்ட நிலத்து வேர் போல இருந்தார், பார்க்கச் சகிக்காமல் முகத்தை மறைத்துக்கொண்டோம், அவரை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. இது வரைக்கும் அலட்சியம். நான்காம் வசனத்தில்தான் உள்ளே இருந்த தீர்ப்பு வெளியே வருகிறது: "நாமோ, அவர் தேவனால் அடிபட்டு வாதிக்கப்பட்டு, சிறுமைப்பட்டவரென்று எண்ணினோம்." அடி வாங்குகிறான் என்றால் ஏதோ செய்திருப்பான், கடவுள் காரணமில்லாமல் அடிப்பாரா? யோபுவைச் சுற்றி உட்கார்ந்து அவனுடைய நண்பர்கள் எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் பக்கம் பக்கமாகப் பேசியது இதைத்தான். அந்தத் தீர்ப்பை இந்தக் கவிதையில் தீர்ப்புச் சொன்னவர்களே திரும்பப் பெறுகிறார்கள். "மெய்யாகவே அவர் நம்முடைய பாடுகளை ஏற்றுக்கொண்டு, நம்முடைய துக்கங்களைச் சுமந்தார்" என்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் ஒரு கூட்டம் தான் ஒருவரைத் தவறாக எடை போட்டதை இவ்வளவு விரிவாக ஒப்புக்கொள்ளும் பகுதி வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

தாசனோ ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவருக்குப் பெயரில்லை. ஊர், தகப்பன் பெயர், காலம் எதுவும் இல்லை. அபிஷேகம் பண்ணப்பட்டவர், அதாவது மேசியா, என்ற பட்டமும் அந்தப் பதினைந்து வசனங்களில் இல்லை. ஏசாயா 40 முதல் 55 வரையுள்ள பகுதியில் அந்தப் பட்டம் ஒரே ஒருவருக்குத்தான் கிடைக்கிறது: 45:1-இல், பாரசீக ராஜா கோரேசுக்கு. அவர் இஸ்ரவேலின் தேவனை அறியாதவர் என்று அதே அதிகாரம் சொல்கிறது. யூத மேசியா என்றவுடன் ஒரே ஒரு உருவத்தை மனத்தில் வரைகிறவர்கள் இந்த வசனத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எபிரேய வேதத்தில் அபிஷேகம் பெற்றவர்கள் ராஜாக்களும் ஆசாரியர்களும். கடைசிக் காலத்தில் வரப்போகிற மீட்பர் என்ற முழு உருவம் திரண்டது பிற்பாடுதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் யோயாக்கீனைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அடுத்த பத்துப் பதினொரு ஆண்டுகளில் எருசலேமும் ஆலயமும் எரிந்தன. கி.மு. 539-இல் பாபிலோன் கோரேசிடம் விழுந்தது. ஏசாயா 40-55 இந்தச் சிறையிருப்பின் கடைசி ஆண்டுகளில் எழுதப்பட்டது என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. புத்தகம் முழுவதும் கி.மு. எட்டாம் நூற்றாண்டு ஏசாயாவுடையது என்று வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். 1892-இல் பெர்ன்ஹார்ட் டூம் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தப் பகுதிக்குள் நான்கு 'தாசன் பாடல்கள்' இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். நாம் பேசிக்கொண்டிருப்பது நான்காவது.

இந்த அதிகாரங்களில் 'தாசன்' என்ற சொல் வரும்போதெல்லாம் யாரைக் குறிக்கிறது என்று தேடினால், "என் தாசனாகிய இஸ்ரவேலே" என்று 41:8 பெயர் சொல்லியே அழைக்கிறது. 44:1-லும் அப்படியே. 49:3-இல், அதுவும் ஒரு தாசன் பாடலுக்குள்ளேயே, "நீ என் தாசன், இஸ்ரவேலே" என்று வருகிறது. யூத வாசிப்புக்கு இதைவிட உறுதியான தரை வேண்டியதில்லை. ஆனால் மூன்று வசனம் தள்ளி 49:6-இல் அதே தாசனுக்கு இஸ்ரவேலைத் திரும்பக் கொண்டுவரும் வேலை கொடுக்கப்படுகிறது. இஸ்ரவேல் இஸ்ரவேலைத் திருப்புவது எப்படி? மேலும் 42:19-இல் தாசன் குருடன், செவிடன் என்று கடவுளே கடிந்துகொள்கிறார்; 53:9-இல் வருபவரோ கொடுமை செய்யாதவர், வாயில் வஞ்சனை இல்லாதவர். இந்த முடிச்சை அவிழ்க்காமல் எந்தத் தரப்பும் தன் வாதத்தை முடித்துவிட முடியாது.

யோயாக்கீனைப் பற்றி ஒரு சின்ன விலகல். பாபிலோனில் ஜெர்மானியர்கள் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளில் சில 1939-இல் பதிப்பிக்கப்பட்டன. அரண்மனையிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுக்கப்பட்டது என்ற கணக்கு அவை. அதில் யூதாவின் ராஜா யோயாக்கீனும் அவருடைய ஐந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாவீதின் சிம்மாசனத்துக்கு உரியவர் எதிரியின் பண்டகசாலைக் கணக்கில் ஒரு வரியாகிப் போனார். இவரே துன்புறும் தாசனுக்கு மாதிரி என்று சொன்னவர்களின் வாதம் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை; ஆனாலும் அந்தக் கணக்கு வரியைத் தெரிந்துகொண்ட பிறகு 'அவரை எண்ணாமற்போனோம்' என்பது வேறு விதமாகக் காதில் விழுகிறது.

தாசன் யார் என்று வாய்விட்டுக் கேட்டதாக நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குரல்களில் ஒன்று, காசா போகும் பாதையில் ஒரு ரதத்தில் இருந்து வருகிறது. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம். எத்தியோப்பிய ராணி கந்தாகேயின் பொக்கிஷங்களுக்குத் தலைவன், ஓர் அண்ணகன் (விதை நீக்கப்பட்டவன்), எருசலேமில் தொழுதுவிட்டு ஊர் திரும்புகிறான். ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைச் சத்தமாக வாசிக்கிறான். அடிக்கக் கொண்டுபோகப்படும் ஆட்டைப் பற்றிய வசனத்துக்கு வந்திருக்கிறான். பக்கத்தில் ஓடிவந்த சுவிசேஷகன் பிலிப்புவிடம் அவன் கேட்டது: "தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்? தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ?" பிலிப்பு அந்த வேத வாக்கியத்தில் தொடங்கி இயேசுவைப் பிரசங்கித்தான் என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பிலிப்பு என்ன வாதம் வைத்தான் என்று சொல்லவில்லை. லூக்கா எடுத்துக்காட்டிய வசனங்களும், "என் ஜனத்தின் மீறுதலினிமித்தம்" என்ற சொற்கள் வருவதற்குச் சற்று முன்பாகவே நின்றுவிடுகின்றன. பாவத்துக்காக மரித்தார் என்ற உபதேசத்துக்கு மிகவும் தேவையான வரி அதுதான் என்று நாம் நினைப்போம். லூக்கா அதை விட்டுவிட்டார்.

அந்த அண்ணகனின் நிலையையும் யோசிக்க வேண்டும். உபாகமம் 23-இன்படி அப்படிப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது. எத்தனையோ நாள் பயணம் செய்து எருசலேமுக்குப் போனவனுக்கு அங்கே எதுவரை அனுமதி கிடைத்திருக்கும்? அவன் கையில் இருந்த சுருளை இன்னும் கொஞ்சம் விரித்திருந்தால் 56-ஆம் அதிகாரம் வந்திருக்கும். அங்கே அண்ணகன் தன்னைப் 'பட்டமரம்' என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றும், குமாரர் குமாரத்திகளுக்குரிய பெயரைவிடச் சிறந்த பெயர் அவனுக்குக் கொடுக்கப்படும் என்றும் கடவுள் வாக்களிக்கிறார். முகத்தை மறைத்துக்கொண்டு கடந்து போகிறவர்களை இவன் நன்றாகப் பார்த்திருப்பான். எனவே அவன் கேள்வி வெறும் பாண்டித்தியக் கேள்வியாக எனக்குத் தோன்றுவதில்லை.

இயேசுதான் அந்தத் தாசன் என்ற வாசிப்பு ஆதித் திருச்சபையில் வேகமாக வேரூன்றியது. ஆனால் புதிய ஏற்பாடு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் இடங்கள் நாம் எதிர்பார்க்கிறபடி இல்லை. மத்தேயு 8:17 நான்காம் வசனத்தை எடுத்து, பேதுருவின் மாமியும் மற்ற நோயாளிகளும் குணமானதற்குப் பொருத்துகிறது. சிலுவை அங்கே பேச்சிலேயே இல்லை. தழும்புகளால் குணமானீர்கள் என்ற வரி பேதுருவின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. யாருக்குச் சொல்லப்படுகிறது? வீட்டு அடிமைகளுக்கு. முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படியுங்கள், அநியாயமாக அடிபட்டாலும் சகியுங்கள், கிறிஸ்து சகித்தாரே என்கிறது நிருபம். இந்த இடம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 'நாம் தவறாக நினைத்தோம்' என்று அடித்தவர் பக்கத்து ஆட்கள் சொல்லவேண்டிய கவிதை, அடிபடுகிறவனுக்குப் பொறுமை போதிக்கும் பாடமாகத் திரும்பிவிட்டது. எங்கள் பெரியப்பா உபதேசியாராக இருந்தவர். அவரிடம் இதைச் சொன்னபோது, அடிமைக்கும் கிறிஸ்துவுக்கும் ஒரே தழும்பு என்று சொன்னது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா என்று திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம்தான். இருந்தாலும் எஜமான்களுக்கு அந்த நிருபத்தில் ஒரு வரிகூட இல்லையே என்ற என் குறை தீரவில்லை.

இப்போது யூதர்கள் பக்கம் வருவோம். எங்கள் வட்டாரத்துக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு கூற்று: பழைய ரபீக்கள் (யூத மத போதகர்கள்) எல்லோரும் இதை மேசியாவுக்கே பொருத்தினார்கள், 11-ஆம் நூற்றாண்டில் ரஷி என்ற யூத உரையாசிரியர்தான் கிறிஸ்தவர்களை மறுப்பதற்காக 'இஸ்ரவேல் ஜனம்' என்ற விளக்கத்தைக் கண்டுபிடித்தார். இது சரியல்ல. ரஷிக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 248-ஐ ஒட்டி, கிறிஸ்தவத்தைத் தாக்கிய செல்சஸுக்கு மறுப்பு எழுதிய சபை அறிஞர் ஓரிகன், தான் யூத அறிஞர்களோடு இந்தப் பகுதியைப் பற்றி வாதிட்டதைப் பதிவு செய்திருக்கிறார். சிதறடிக்கப்பட்டு அடிபட்ட முழு ஜனத்தையும் ஓர் ஆளைப் போல உருவகித்து இது பேசுகிறது என்று அந்த யூதர்கள் சொன்னார்களாம். ஓரிகன் மடக்கிய இடம் எட்டாம் வசனம்: 'என் ஜனத்தின் மீறுதலினிமித்தம்' அடிபட்டார் என்றால், அடிபட்டவர் எப்படி அந்த ஜனமாகவே இருக்க முடியும்? கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆனால் பேசுகிறவன் ஒரு புறஜாதி ராஜா என்று வைத்துக்கொண்டால், 'என் ஜனம்' என்பது அவனுடைய ஜனமாகிவிடும், கேள்வி கரைந்துபோகும். முடிச்சு மறுபடியும் பேசுகிறவரிடமே வந்து நிற்கிறது.

அதே எட்டாம் வசனத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1947-இல் சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையிலிருந்து கிடைத்த பெரிய ஏசாயாச் சுருள் ஏறத்தாழ கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதில் 'என் ஜனம்' என்ற இடத்தில் 'அவருடைய ஜனம்' என்று இருக்கிறது. எபிரேயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி எழுத்து மட்டும்: ஒன்றில் யோத், மற்றதில் வாவ். அந்தக் காலத்துக் கையெழுத்தில் இவை இரண்டும் ஏறக்குறைய ஒரே கோடு; காலை எவ்வளவு கீழே இழுத்தான் என்பதில்தான் வேறுபாடு. எழுதியவன் வேண்டுமென்றே எழுதினானா, கை இழுத்துவிட்டதா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சுருள் கிடைத்ததால் தீர்க்கதரிசனம் நிரூபணமாகிவிட்டது என்று பிரசங்கிப்பவர்கள் இருக்கிறார்கள். இயேசுவுக்கு முன்பே ஏசாயா எழுதப்பட்டுவிட்டது என்பதை யூதர்கள் எப்போது மறுத்தார்கள்? சுருள் சொல்வது அந்தக் கவிதையின் வயதை. அது யாரைப் பற்றியது என்பதை அல்ல.

துன்பப்படுகிற மேசியா யூதர்களுக்கு அந்நியமான கருத்து என்பதும் உண்மையல்ல. ஏசாயாவின் அரமேய விளக்க மொழிபெயர்ப்பான தர்கூம் 52:13-இலேயே 'என் தாசனாகிய மேசியா' என்று சேர்த்துச் சொல்கிறது. ஆனால் அடுத்து வரும் அடிகளையும் அவமானத்தையும் மேசியாவின் தலையில் இறக்காமல், ஜனங்கள் மேலும் ஜாதிகள் மேலும் பிரித்துப் போட்டுவிடுகிறது. மேசியா அங்கே ஆலயம் கட்டுகிறவர், வெற்றி பெறுகிறவர். ரபீக்களின் விவாதத் தொகுப்பான பாபிலோனிய தல்மூத்தோ சோட்டா பகுதியில் 53:12-ஐ மோசேக்குப் பொருத்துகிறது. சனெத்ரின் பகுதியில் நான்காம் வசனத்தைக் காட்டி மேசியாவின் பெயர் 'குஷ்டரோகி' என்கிறது.

அந்தச் சனெத்ரின் பகுதியில் வரும் ஒரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. ரபீ யோசுவா பென் லேவி எலியா தீர்க்கதரிசியைச் சந்தித்து, மேசியா எப்போது வருவார் என்று கேட்கிறார். அவரிடமே போய்க் கேள் என்கிறார் எலியா. எங்கே இருப்பார்? நகர வாசலில், ரோமாபுரியின் வாசல் என்கிறது மரபு. எப்படி அடையாளம் கண்டுகொள்வது? வாசலில் நோயாளிகளான ஏழைகள் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் தங்கள் புண்களின் கட்டுகளையெல்லாம் ஒரேயடியாக அவிழ்த்து, பிறகு எல்லாவற்றையும் கட்டுவார்கள். அவர் மட்டும் ஒரு கட்டை அவிழ்த்து, அதைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததை அவிழ்ப்பார். எந்த நேரத்திலும் அழைப்பு வரலாம், தாமதிக்கக் கூடாது என்று அப்படிச் செய்கிறார். யோசுவா போய்க் கேட்கிறார்: ஆண்டவரே, எப்போது வருவீர்? "இன்று." வரவில்லை. பொய் சொல்லிவிட்டார் என்று எலியாவிடம் முறையிடுகிறார். எலியா சங்கீதம் 95-ஐ நினைவூட்டுகிறார்: "இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்." உலகத்தை ஆளும் நகரத்தின் வாசலிலேயே, ஆள்கிறவர்கள் தினமும் கடந்து போகும் இடத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத புண்ணோடு அவரை உட்கார வைத்த அந்தக் கதைசொல்லி ஏசாயாவின் நான்காம் பாடலை நன்றாக உள்வாங்கியவர்.

ரஷிக்கு வருவோம். 1040-இல் பிறந்து 1105-இல் இறந்தவர். பிரான்சின் ட்ருவா நகரத்தவர். இளமையில் ரைன் நதிக்கரை நகரங்களான மைன்ஸிலும் வோர்ம்ஸிலும் படித்தவர். அவர் வாழ்நாளிலேயே, 1096-இல், சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள் வழியில் ஸ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் நகரத்து யூதர்கள் மேல் பாய்ந்தன. ஞானஸ்நானம் அல்லது சாவு. கிறிஸ்துவைக் கொன்றவர்கள் இங்கேயே இருக்கும்போது எருசலேம் வரைக்கும் போவானேன் என்பது அவர்கள் கேட்ட நியாயம். பலர் வெட்டப்பட்டார்கள், பலர் பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே கொன்று தாங்களும் மாண்டார்கள். ரஷி படித்த ஊர்கள் அவை. ஏசாயா 53-க்கு அவர் எழுதிய உரையில் பேசுகிறவர்கள் ஜாதிகள். இஸ்ரவேல் அடிபட்டது அதன் இழிவினால் என்று நினைத்தோம். அதன் துன்பத்தால் நமக்கெல்லாம் பாவநிவிர்த்தி உண்டாகும்படியே அது நடந்தது என்று இப்போது காண்கிறோம் என அவர்கள் ஒருநாள் சொல்வார்கள் என்கிறார். அடித்தவர்களுக்கும் இதில் மன்னிப்பு வைத்திருப்பதைக் கவனியுங்கள். இதைக் கிறிஸ்தவர்களை மடக்கும் தந்திரம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மார்பில் சிலுவை தைத்துக்கொண்டு வோர்ம்ஸுக்குள் நுழைந்தவர்களும் இதே அதிகாரத்தைத் தங்கள் அதிகாரமாகக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். "தேவனால் அடிபட்டவர்" என்று அவர்கள் யாரை எண்ணினார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

1263 ஜூலையில் பார்சிலோனாவில் நடந்தது இன்னொரு வகை. அரகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸின் முன்னிலையில், யூதராகப் பிறந்து டொமினிக்கன் துறவியான பாப்லோ கிறிஸ்தியானிக்கும், ஜெரோனாவின் ரபீ மோசே பென் நக்மானுக்கும் வாதம். ஏசாயா 53 மேடைக்கு வந்தது. நக்மான் சொன்ன பதில்: சில பழைய கதைகளில் மேசியாவுக்குப் பொருத்தியிருப்பது உண்மை; ஆனால் நேர்ப்பொருள் இஸ்ரவேல் ஜனத்தையே குறிக்கிறது. பிறகு, அவரே எழுதிவைத்த குறிப்பின்படி, பேச்சை வேறு பக்கம் திருப்பினார். மேசியாவின் நாளில் ஜாதிகள் யுத்தம் கற்பதில்லை என்று தீர்க்கதரிசிகள் சொன்னார்களே. இன்றுவரை உலகம் கொலையும் கொள்ளையுமாகத்தானே இருக்கிறது. ராஜாவே, இனி யுத்தம் கற்பதில்லை என்றால் உமக்கும் உம்முடைய வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டமாக இருக்கும்! ராஜா கோபப்படவில்லை. வழிச்செலவுக்கு 300 காசு கொடுத்து அனுப்பினார் என்று நக்மான் எழுதுகிறார். ஆனால் துறவிகள் விடவில்லை. அந்தக் குறிப்பை எழுதியதற்காகவே அவர் மேல் வழக்கு வந்தது. எழுபது வயதை ஒட்டிய காலத்தில் நாட்டை விட்டுக் கிளம்பி, 1267-இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார்.

அண்மையில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு காணொளியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏசாயா 53 யூதர்களுக்குத் 'தடை செய்யப்பட்ட அதிகாரம்' என்கிறது அது. அது காட்டும் ஆதாரம்: ஜெப ஆலயங்களில் வாரந்தோறும் வாசிக்கும் தீர்க்கதரிசிகள் பகுதியில் ஒரு வாரம் 52:12-இல் நிறுத்துகிறார்கள்; அடுத்த வாரம் 54:1-இல் தொடங்குகிறார்கள். இந்தத் தகவல் சரி. முடிவு தவறு. ஆலயம் இடிந்த நாளின் துக்கத்துக்குப் பிறகு வரும் ஏழு வாரங்களுக்கு ஆறுதல் பகுதிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏசாயாவில் இன்னும் எத்தனையோ அதிகாரங்கள் அந்த வாசிப்பு வரிசையில் இல்லை. தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் பெரும்பகுதி இல்லை. யூதர்கள் அச்சிடும் ஒவ்வொரு வேதாகமத்திலும் 53 முழுதாக இருக்கிறது. அதற்கு எழுதப்பட்ட யூத உரைகளைத் திரட்டி 1870-களில் ஆக்ஸ்போர்டில் இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார்கள். தடை செய்துவிட்டு யாராவது இவ்வளவு உரை எழுதுவார்களா?

இதே போல 'நிறைவேறிய தீர்க்கதரிசனங்கள்' என்று வரிசை போட்டுச் சரிபார்க்கும் வழக்கத்திலும் எனக்கு ஒட்டுதல் இல்லை. 53:9-இல் ஐசுவரியவானோடு சாவு என்று வருகிறதா? அரிமத்தியா யோசேப்பின் கல்லறை, சரி என்று குறி போடுவார்கள். அடுத்த வசனத்தில் 'சந்ததியைக் கண்டு நீடித்த நாளாயிருப்பார்' என்று வரும்போது அது ஆவிக்குரிய சந்ததி என்பார்கள். யூத வாதிகளும் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள்: சந்ததி நேர்ப்பொருள், 'வஞ்சனை இல்லாதவர்' என்பது உருவகம். நான் இந்த அதிகாரத்தை இயேசுவின் சிலுவையோடு சேர்த்தே வாசிக்கிறவன்; அதை விட்டுவிடும் உத்தேசம் இல்லை. ஆனால் அது விசுவாசத்தில் நின்று பின்னோக்கிப் பார்க்கும் வாசிப்பு. முதல் சீஷர்களும் சிலுவைக்குப் பிறகுதான் அப்படி வாசித்தார்கள். இயேசு தாம் பாடுபடுவதைப் பற்றிச் சொன்னபோது பேதுரு அவரைக் கடிந்துகொண்டதுதான் சுவிசேஷத்தில் இருக்கிறது. தாசன் பாடலைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த அவனுக்கே அது தெரியவில்லை என்றால், 'இவ்வளவு தெளிவாக இருந்தும் யூதர்களுக்குப் புரியவில்லையே' என்று நாம் உச்சுக்கொட்டுவது எந்த விதத்தில் நேர்மை?

உச்சுக்கொட்டலோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ரோமன் கத்தோலிக்கப் பழைய வழிபாட்டு முறையில் பரிசுத்த வாரத்தின் புதன்கிழமை ஏசாயா 53 வாசிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்துப் பெரிய வெள்ளியன்று வரிசையாக மன்றாட்டுகள். ஒவ்வொன்றுக்கும் சபை முழங்காலிடும். யூதர்களுக்கான மன்றாட்டின்போது மட்டும் முழங்காலிடுவதில்லை. அந்த மன்றாட்டு அவர்களை விசுவாச துரோகிகள் என்ற பொருளில் அழைத்தது. முழங்காலிடுதல் 1955-இல்தான் சேர்ந்தது. அந்த அடைமொழியை 1959-இல் போப் 23-ஆம் யோவான் எடுத்துவிட்டார்.

புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவன் என்பதால் எனக்கு இதில் கையைக் கழுவிக்கொள்ள வழியில்லை. எங்கள் திருநெல்வேலிச் சபைகள் ஆங்கிலிக்கன் மிஷன்களிலிருந்து வந்தவை; அவற்றின் 1662 ஜெபப்புத்தகத்தில் பெரிய வெள்ளிக்கிழமைக்கு மூன்று சுருக்க ஜெபங்கள் உண்டு. மூன்றாவது ஜெபம் யூதர், துருக்கியர், அவிசுவாசிகள், மார்க்க பேதகர் எல்லோர் மேலும் இரக்கம் கேட்கிறது. அவர்களுடைய அறியாமையையும் கடின இருதயத்தையும் நீக்கும்படி மன்றாடுகிறது. பெரியப்பாவிடம் இதைக் காட்டியபோது அவர் மூன்றாவது பெயரில் விரலை வைத்தார். அவருடைய தாத்தா ஞானஸ்நானம் பெறும் வரைக்கும் இங்கிலாந்தில் ஆண்டுக்கொரு முறை அந்தப் பெயரின் கீழ்தான் அவருக்காகவும் ஜெபித்திருப்பார்கள். பெற்ற பிறகு அதே ஜெபத்துக்கு ஆமென் சொல்லும் பக்கத்துக்கு வந்துவிட்டார் என்றார்.